ஒரு மில்லிமீற்றர், பத்தாயிரம் பேர்

நாம் வந்து சேர்ந்த நாடுகளின் மொழி விளங்காத முதல் மாதங்களிலும் அந்நாட்டுப் பத்திரிகைகளை நாம் புரட்டாமல் இருந்ததில்லை. வேலைத்தலங்களின் பின்கட்டில் யாரோ வாசித்துவிட்டு எறிந்த தாள்கள். எழுத்துக் கூட்டினாலும் பொருள் தெரியாது. ஆனால் இடையிடையே ஒரு படம் இருக்கும். மேலே ஏறிச் செல்லும் ஒரு கோடு. ஒன்றைவிட ஒன்று உயர்ந்து நிற்கும் கட்டைகள். சின்ன மனிதன் ஒருவனுக்குப் பக்கத்தில் பெரிய மனிதன் ஒருவன். அது எங்களைப் பற்றிய படம் என்பது மட்டும் விளங்கிவிடும். அந்தந்த ஆண்டில் தஞ்சம் கேட்டு வந்தவர்களின் கணக்கு. சொல்லை வாசிக்கத் தெரியாதவனுக்கும் அந்தப் படம் ஒரு செய்தியைச் சொல்லி முடித்துவிடுகிறது: கூடிவிட்டார்கள்.

எவ்வளவு கூடிவிட்டார்கள்? இரண்டு மடங்கா, நான்கு மடங்கா? படத்தைப் பார்த்த கண் ஒரு பதிலை வைத்திருக்கும். அந்தப் பதில் சரியானதா என்று நாம் கேட்பதில்லை. எழுத்துக்கு ஒரு வரலாறு இருப்பதுபோல இப்படங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இவற்றை யார், எதற்காக வரையத் தொடங்கினார்கள்? தொகைகளை ஒப்பிடும்போது கண் எங்கே சரியாக அளக்கிறது, எங்கே ஏமாறுகிறது? எண்ணுபவர்களாக அன்றி எண்ணப்படுபவர்களாகவே இத்தனை காலமும் இருந்துவிட்ட எமக்கு இது தெரிந்திருக்கவேண்டிய விடயம்.

1

கோட்டு வரைபு, சலாகை வரைபு, வட்ட வரைபு ஆகிய மூன்றையும் நாடுகளின் வரவு செலவுக் கணக்குகளுக்குக் கொண்டுவந்தவர் ஒரே மனிதர். வில்லியம் பிளேபெயர் என்பது அவர் பெயர். 1759இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவரை வளர்த்தவர் மூத்த சகோதரரான ஜோன் பிளேபெயர். அவர் பின்னாளில் பெயர்பெற்ற கணித அறிஞர். ஒவ்வொரு நாளும் வெப்பமானி காட்டும் அளவைத் தாளில் கோடாகக் குறித்துவரும்படி தம்பியைப் பழக்கியவர் அவரே. எண்ணாகச் சொல்லக்கூடிய எதையும் கோடாகவும் காட்டலாம் என்ற எண்ணம் அப்படித்தான் தம்பிக்கு வந்தது. பின்னர் பேமிங்காமில் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தார். அதன்பின் பல தொழில்களைத் தொடங்கி ஒன்றிலும் நிலைக்கவில்லை. 1823இல் வறுமையிலேயே இறந்தார்.

1786இல் அவர் வெளியிட்ட வர்த்தக, அரசியல் படத்தொகுதியில் 44 வரைபுகள் இருந்தன. அவற்றில் 43 கோட்டு வரைபுகள். ஆண்டுகள் கிடையாக ஓட, இங்கிலாந்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஏறி இறங்கிச் செல்லும். இதை விளக்க அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. ஒரு வியாபாரி ஒவ்வொரு நாளும் கிடைத்த பொற்காசுகளை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கிறான். அடுத்த நாள் பக்கத்தில் இன்னோர் அடுக்கு. மாத முடிவில் காசை எண்ணத் தேவையில்லை. அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தாலே போதும்.

எஞ்சிய ஒரே ஒரு வரைபு வேறு விதமானது. ஸ்கொட்லாந்தின் வர்த்தகத்துக்கு 1780இன் நத்தாரிலிருந்து 1781இன் நத்தார் வரையான ஓர் ஆண்டின் கணக்கே அவரிடம் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது. ஆகவே 17 இடங்களுடனான ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தனித்தனிக் கட்டைகளாக ஒரே அடிக்கோட்டிலிருந்து வரைந்தார். காலத்தைக் காட்டாத காரணத்தால் இது தரத்தில் குறைந்தது என்றே அவர் கருதினார். கணக்கு இல்லாத குறையை நிரப்பப் பிறந்த அந்தச் சலாகை வரைபுதான் கண்ணுக்கு எல்லாவற்றிலும் நேர்மையானது என்பது இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகே பரிசோதனையால் தெரியவந்தது.

2

1801இல் பிளேபெயர் இன்னொரு நூலை வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றையும் அதன் நிலப்பரப்புக்கேற்ற வட்டமாக வரைந்தார். துருக்கியப் பேரரசின் வட்டத்தை ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா என்று ஆரைச்சிறைகளாகப் பிரித்தார். வட்ட வரைபின் பிறப்பு அது. அந்நூலின் பிற்சேர்க்கையில் இந்துஸ்தானத்து ஆட்சிகளும் அதே முறையில் இடம்பெற்றன. திப்பு சுல்தான் வீழ்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். எவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும் ஆசை பேரரசுகளோடு கூடப்பிறந்தது என்பதை நாம் இங்கு மறந்துவிடக்கூடாது.

கணக்கின்படி அந்த வட்டங்கள் சரியானவையே. பிரச்சினை கண்ணில் இருக்கிறது. எங்களில் பலர் பீற்சாக் கடைகளின் குசினியில் நிற்பவர்கள் என்பதால் இது எமக்குப் புதிதல்ல. 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பீற்சாவையும் 34 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பீற்சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரியது சின்னதைவிட ஒன்றரை மடங்கு இருக்கும் என்பார்கள். உண்மையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பது பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் கண் பத்தாம் வகுப்புப் படிக்கவில்லை.

மறுபக்கமாகவும் இது நடக்கும். ஒரு தொகை இரண்டு மடங்காகிவிட்டதைக் காட்ட, ஒருவர் வட்டத்தின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பானை ஒன்றின் உயரத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்கினால் அது எட்டுப் பங்கு சோறு கொள்ளும். எண் இரண்டு மடங்கு என்று சொல்ல, படம் எட்டு மடங்கு என்று கத்தும்.

3

இந்த ஏமாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டா என்று முதலில் தேடியவர்கள் வரைபு வரைந்தவர்கள் அல்லர். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் வெபர், கையில் நிறைகளை வைத்துப் பார்த்து 1834இல் ஒரு முடிவுக்கு வந்தார். வித்தியாசத்தை நாம் உணர்வது அந்த வித்தியாசத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்பதையும் பொறுத்தது. ஒரு சுண்டு அரிசியோடு ஒரு பிடி அரிசியைச் சேர்த்தால் தெரியும். அதே பிடியை மூட்டையில் போட்டால் தெரியாது. அதே நகரத்துக் குஸ்தாவ் பெக்னர் 1860இல் இதை ஒரு கணித விதியாக எழுதினார்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1957இல், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி ஸ்ரீவன்ஸ் அந்த விதியைத் திருத்தினார். நீளத்தைப் பொறுத்தமட்டில் எமது மதிப்பீடு உண்மையோடு ஏறக்குறைய ஒட்டியே செல்கிறது. பரப்பைப் பொறுத்தமட்டில் பின்தங்குகிறது. பத்து மடங்கு பரப்பு ஐந்து மடங்கு போலவே தோன்றும். கனவளவில் இன்னும் மோசம். பெரியதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். பெரிய செல்வமும் பெரிய அழிவும் வட்டமாக வரையப்படும்போது சுருங்கிப்போகின்றன.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு புகழ்பெற்ற வரைபுகளும் சாவைப் பற்றியவை.

கிரிமிய யுத்தத்திலிருந்து திரும்பிய புளோரன்ஸ் நைற்றிங்கேல், பிரித்தானியப் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை ஆட்சியாளர்களின் முகத்துக்கு முன்னால் வைக்க விரும்பினார். 1854 ஏப்ரலிலிருந்து 1856 மார்ச் வரை, மாதத்துக்கு ஒன்றாக மையத்தைச் சுற்றி ஆரைச்சிறைகள். நீலம், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர்; சிவப்பு, காயங்களால் இறந்தோர்; கறுப்பு, ஏனைய காரணங்கள். பார்த்தவுடனே நீலம் எல்லாவற்றையும் விழுங்கி நிற்கும். எதிரியின் துவக்கைவிட ஆஸ்பத்திரியின் அழுக்கே அதிகம் பேரைக் கொன்றது என்பதுதான் செய்தி.

இங்கு கவனிக்கத்தக்க விடயம் ஒன்று உண்டு. அவருடைய முதல் வடிவத்தில் மரணத் தொகை ஆரையின் நீளத்தால் காட்டப்பட்டது. அப்படி வரைந்தால் இரண்டு மடங்கு மரணம் நான்கு மடங்கு பரப்பாகத் தோன்றும். அவருடைய வாதத்துக்கு அது சாதகமே. ஆயினும் அடுத்த வடிவத்தில் பரப்பளவே மரணத் தொகைக்கு நேர்விகிதசமமாக இருக்கும்படி படத்தை மாற்றினார். நியாயம் தன் பக்கம் இருந்தபோதும் பெருப்பித்துக் காட்ட அவர் உடன்படவில்லை.

மற்றவர் பிரெஞ்சுக்காரரான சார்ள் ஜோசப் மினார். பாலங்களும் வீதிகளும் கட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்ட பொறியியலாளர். 1869 நவம்பரில், தமது 88ஆவது வயதில், 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் கொண்டுசென்ற படையின் கதையை ஒரே ஒரு படமாக வரைந்தார். தேசப்படத்தின் மீது ஒரு பட்டை. அதன் அகலமே ஆட்களின் தொகை. ஒரு மில்லிமீற்றருக்குப் பத்தாயிரம் பேர். நியமன் ஆற்றைக் கடக்கும்போது 422,000 பேர். பட்டை நான்கு சென்ரிமீற்றருக்கு மேல். மொஸ்கோவை அடையும்போது ஒரு இலட்சம். திரும்பும் வழியில் பட்டை கறுப்பாகிறது. பெரசினா ஆற்றுக்கு வரும்போது 50,000, கடந்தபின் 28,000. கடைசியில் நியமன் ஆற்றை மறுபடி கடப்பவர்கள் 10,000. ஒரு மில்லிமீற்றர்.

புறப்பட்ட பட்டையும் திரும்பி வந்த இழையும் ஒரே ஆற்றங்கரையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கின்றன. கண் அங்கே பரப்பை அளக்கவில்லை, அகலத்தை அளக்கிறது. அகலமும் ஒரு நீளமே. தூரத்தூர உள்ள இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கண் தடுமாறும் என்பது மினாருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதனாற்றான் பட்டையின் பக்கத்திலேயே எண்களையும் எழுதிச் சென்றார்.

மறு ஆண்டு பிரஷ்யப் படைகள் பாரிசை நெருங்கின. 1870 செப்ரெம்பரில் அந்தக் கிழவர் தமது புத்தகங்களையும் தாள்களையும் விட்டுவிட்டுக் கைப்பையோடு போர்தோ நகரத்துக்கு இடம்பெயர்ந்தார். சில கிழமைகளில் அங்கேயே இறந்தார். ஒரு படையின் பின்வாங்கலை வரைந்தவர் தானும் ஓர் இடம்பெயர்ந்தவராகவே முடிந்தார்.

5

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகள் பெருகின, வரைபுகளும் பெருகின. தொகையைக் காட்ட மனித உருவங்களைச் சிறிதும் பெரிதுமாக வரையும் வழக்கமும் வந்தது. ஒரு நாட்டின் படை மற்ற நாட்டினதைவிட இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்கு உயரமான படைவீரன். உயரத்தோடு அகலமும் கூடுவதால் அவன் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பான். பார்ப்பவனுக்கு அவன் ஓர் அரக்கன். அமெரிக்கப் பொறியியலாளர் வில்லார்ட் பிரின்ரன் 1914இல் எழுதிய நூலில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். மறு ஆண்டு அவர் தலைமையில் கூடிய குழு ஒன்று, இயன்றவரை தொகைகளை நீளத்தால் காட்டுங்கள், பரப்பும் கனவளவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் என்று பரிந்துரைத்தது.

இதே பிரச்சினைக்கு வியன்னாவில் வேறொரு விடை கிடைத்தது. ஒட்டோ நொய்ராத் 1882இல் பிறந்த தத்துவவாதி, பொருளியலாளர். சமூக ஜனநாயகவாதிகள் வியன்னா நகரத்தை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1925இல், சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். அதிகம் படிக்க வாய்ப்பில்லாத தொழிலாளர்களுக்கு வாடகை, சம்பளம், காசநோய், குழந்தை மரணம் ஆகியவற்றின் கணக்கு விளங்கவேண்டும் என்பது நோக்கம். கணக்கைப் படமாக்கும் வேலையைத் திட்டமிட்டவர் மரீ றைடமைஸ்ரர். உருவங்களை வெட்டியவர் கேர்ட் ஆர்ன்ஸ் என்ற ஓவியர்.

அவர்கள் கைக்கொண்ட முதல் விதி இதுதான்: தொகை கூடும்போது உருவத்தைப் பெருப்பிக்காதே; உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. எல்லா உருவமும் ஒரே அளவு. ஒவ்வோர் உருவமும் ஒரே தொகைக்குச் சமம். வரிசைகள் ஒரே இடத்திலிருந்து தொடங்கும். பார்ப்பவன் எண்ணலாம், எண்ணாவிட்டாலும் வரிசையின் நீளத்தை ஒப்பிடலாம். பரப்பை ஒப்பிடும் சங்கடத்திலிருந்து கண் விடுபடுகிறது. இந்த விதிக்குள் ஒரு கண்ணியமும் இருக்கிறது. எந்த நாட்டு மனிதனும், எந்த வகுப்பு மனிதனும் மற்றவனைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ வரையப்படுவதில்லை.

1934 பெப்ரவரியில் வியன்னாவில் சமூக ஜனநாயகவாதிகள் ஆயுதபலத்தால் நசுக்கப்பட்டபோது நொய்ராத் மொஸ்கோவில் இருந்தார். வீட்டுக்குத் திரும்பவேண்டாம் என்ற குறிப்புக் கிடைத்தது. ஒல்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போனார். அங்கேதான் 1935இல் அவர்களுடைய முறைக்கு ஐசோரைப் என்ற பெயர் வந்தது. 1940 மே மாதம் ஜேர்மன் படைகள் ஒல்லாந்துக்குள் நுழைந்தன. நொய்ராத்தும் மரீயும் கடற்கரைக்கு ஓடி, ஆட்களால் நிறைந்து வழிந்த ஒரு மீட்புப் படகில் ஏறினார்கள். நடுக்கடலில் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. கரையில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'எதிரி நாட்டு அந்நியர்'. மாதக்கணக்கில் ஐல் ஒவ் மான் தீவில் தடுத்துவைக்கப்பட்டார்கள். 1941இல் விடுதலையாகி, திருமணம் செய்து, ஒக்ஸ்போட்டில் மீண்டும் வேலையைத் தொடங்கினார்கள். 1945இல் நொய்ராத் இறந்தார். மரீ அந்த வேலையை இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்து, 1986இல் இறந்தார்.

அதே 1986 ஓகஸ்ற் மாதத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு மீட்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரை மீன்பிடிகாரர்கள் கண்டெடுத்தார்கள் என்பதை எமது வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

6

கண்ணை நேரடியாகப் பரிசோதிக்கும் வேலையும் இதற்கிடையில் தொடங்கியிருந்தது. 1926இல் அமெரிக்கப் பேராசிரியர் வோல்ரர் ஈல்ஸ் தமது மாணவர்களுக்கு வட்ட வரைபுகளையும் துண்டுகளாகப் பிரித்த சலாகைகளையும் கொடுத்து, பங்குகளை மதிப்பிடச் சொன்னார். வட்டம் சளைத்ததல்ல என்று முடிவு வந்தது. மறு ஆண்டே மறுப்புகளும் எதிர்ப்பரிசோதனைகளும் வெளிவந்தன. 1932இல் குறொக்ஸ்ரனும் ஸ்ரைனும் சலாகை, சதுரம், வட்டம், கனக்குற்றி ஆகியவற்றை ஒப்பிட வைத்தபோது நிலைமை தெளிவாகியது. சலாகையில் பிழை மிகக் குறைவு; சதுரமும் வட்டமும் நடுவில்; கனக்குற்றி கடைசி.

1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்டும் றொபேட் மக்கில்லும் முழு விடயத்தையும் ஒழுங்குபடுத்தினார்கள். கண் சரியாகச் செய்யும் வேலையிலிருந்து பிழையாகச் செய்யும் வேலைவரை ஒரு வரிசை. முதலாவது, ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பொருட்களின் உச்சியை ஒப்பிடுவது. அடுத்தது, வேறு வேறு அடிக்கோடுகளில் நிற்பவற்றை ஒப்பிடுவது. பிறகு வெறும் நீளம், சரிவு, கோணம். பிறகு பரப்பு. பிறகு கனவளவு. எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறத்தின் அடர்த்தி. 2010இல் வேறு இரு ஆய்வாளர்கள் இணையத்தின் ஊடாகப் பலரிடம் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் பெரும்பாலும் இதே வரிசையே வந்தது.

குசினியில் கரட் வெட்டுகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறோம். துண்டுகள் ஒரே நீளமா என்று பார்க்க அவற்றை அள்ளி, ஒரு நுனியைப் பலகையில் தட்டி நேராக்கி, மறு நுனியைப் பார்ப்போம். அடிக்கோட்டைச் சமப்படுத்திய பிறகே கண்ணை நம்புகிறோம்.

கிளீவ்லண்ட் பிளேபெயரையே பரிசோதித்தார் என்பது சுவையான விடயம். இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியாவுக்கும் இடையிலான ஏற்றுமதி, இறக்குமதியைப் பிளேபெயர் இரண்டு வளையிகளாக வரைந்திருந்தார். இடைவெளியே வர்த்தக மீதி. ஆனால் இரண்டு வளையிகளும் சேர்ந்து செங்குத்தாக ஏறும் இடத்தில், கண் நிலைக்குத்துத் தூரத்தை எடுக்காமல் மிகக் கிட்டிய தூரத்தை எடுக்கிறது. ஆகவே இடைவெளி ஒடுங்கியதுபோலத் தோன்றும். மீதியைக் கழித்துத் தனிக்கோடாக வரைந்தபோது, 1760க்குப் பின்னான சில ஆண்டுகளில் அது சடுதியாக ஏறி இறங்கியிருப்பது தெரிந்தது. சுமார் இருநூறு ஆண்டுகளாக அந்தப் படத்தில் இருந்தும் கண்ணில் படாத ஏற்ற இறக்கம். எங்கள் கடல்களில் நடந்த வியாபாரத்தின் கணக்கு அது.

7

இனி எமது கணக்குக்கு வருவோம்.

2014இல் ஐரோப்பாவுக்குக் கடல் வழியாக வந்தவர்கள் இரண்டு இலட்சத்துச் சொச்சம் பேர். 2015இல் பத்து இலட்சத்துக்கு மேல். ஆண்டுகளை வரிசையாக வைத்துச் சலாகை வரைந்தால், 2015 ஒரு மலைபோல எழும். இதில் பொய் இல்லை. அடிக்கோடு பூச்சியத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண் சொல்வதும் உண்மை. ஆனால் அதே தொகையை நொய்ராத்தின் முறையில் வரைந்து பாருங்கள். ஓர் உருவம் பத்து இலட்சம் பேர். அன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் சனத்தொகைக்கு 508 உருவங்கள். பக்கத்தில், படகில் வந்தவர்களுக்கு ஓர் உருவம். அதே காலத்தில் லெபனானில் பதிவுசெய்யப்பட்ட சிரிய அகதிகளும் பத்து இலட்சத்துக்கு மேல். அங்கேயும் ஓர் உருவந்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் நாட்டு மக்களுக்கு வரையவேண்டியது நான்கு அல்லது ஐந்து உருவங்களே. வெபரின் ஒரு பிடி அரிசி எங்கே சுண்டில் விழுந்தது, எங்கே மூட்டையில் விழுந்தது என்பது அப்போது தெரியும்.

சலாகையின் உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதும் கணக்கின் பகுதி. தேசப்படத்தில் தடித்த சிவப்பு அம்புகளாக மனிதர்களை வரைகிறவர்கள், கண் மிக மோசமாக அளக்கும் இரண்டு வழிகளை, பரப்பையும் நிறத்தையும், ஒன்றாகச் சேர்த்துக் கையில் எடுக்கிறார்கள். அம்புக்கு அடிக்கோடு கிடையாது.

8

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க எம்மால் முடியாது.

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியில் யுத்தத்துள் அகப்பட்டிருப்போர் எழுபதாயிரம் பேரளவில் என்று இலங்கை அரசு சொல்லிவந்தது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கிலேயே பேசப்பட்டன. பின்னர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ அதன் பல மடங்கு. தொகையைக் குறைத்துச் சொல்வது வெறும் எழுத்துப் பிழை அல்ல என்பதை அங்கே அரைக் கஞ்சியோடு இருந்தவர்கள் அறிவார்கள்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். வித்தியாசம் 146,679. இவர்கள் எல்லாரும் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசு இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டதில்லை. நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்க முடியாது என்று அதே 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு எழுதியது. ஆயர் 2021இல் மறைந்தார். அவருடைய கேள்விக்குப் பதில் வரவில்லை.

மினாரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். நெப்போலியனின் படை நியமன் ஆற்றைக் கடந்தபோது பட்டையின் அகலம் 42 மில்லிமீற்றர். வன்னி மக்களின் பட்டை 43 மில்லிமீற்றர். அவர்கள் படைவீரர்கள், இவர்கள் கிழவர்களும் தாய்மாரும் பள்ளிப் பிள்ளைகளும். அவர்கள் சென்ற தூரம் ஒரு கண்டம். இவர்கள் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து சென்றார்கள். மறுபுறம் வெளியே வரும் பட்டை 28 மில்லிமீற்றர். இரண்டையும் ஒரே அடிக்கோட்டில் வைத்தால், எந்த மொழி பேசுகிறவருக்கும் அந்த 15 மில்லிமீற்றர் தெரியும்.

நொய்ராத்தின் முறையில் வரைந்தால் ஓர் உருவம் ஆயிரம் பேர். கணக்கில் வராதவர்களுக்கு 146 உருவங்கள் வரைந்து முடித்தபின் 679 பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு ஒரு முழு உருவம் போட்டால் இல்லாத 321 பேரைக் கூட்டியவர்களாவோம். போடாமல் விட்டால் 679 பேரை இரண்டாந்தரமும் தொலைத்தவர்களாவோம். எந்த வரைபுக்கும் இந்த எல்லை உண்டு. மினாரின் மில்லிமீற்றரில் ஒரு மனிதனின் பங்கு கண்ணுக்குத் தெரியாது. வரைபு தொகையைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயர்களைச் சேகரிக்கும் வேலை வேறாகவும் இதனோடு சேர்ந்தும் நடக்கவேண்டியது.

எமது கூட்டங்களிலும் மலர்களிலும் பதாதைகளிலும் எண்கள் எப்போதும் பெரிய எழுத்தில், சிவப்பு நிறத்தில், ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டு வருகின்றன. கேட்பவர் நம்பமாட்டார் என்ற பயத்தில் நாமே பெருப்பிக்கிறோம். பெருப்பிக்கும்போது, முழுவதையும் தள்ளிவிட மற்றவருக்கு ஒரு சாட்டுக் கிடைக்கிறது. ஆரையைப் பரப்பாக மாற்றி வரைந்த நைற்றிங்கேலின் வாதம் அதனால் பலவீனப்படவில்லை.

ஆகவே பத்திரிகையில் எங்களைப் பற்றிய ஒரு படத்தைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். அடிக்கோடு எங்கே இருக்கிறது? என்னை ஒப்பிடச் சொல்வது நீளத்தையா, பரப்பையா? பக்கத்தில் நிறுத்தப்பட்டிருப்பவர் யார்? இங்கு படிக்கும் எமது பிள்ளைகள் சலாகை வரைபைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அவர்களிடம் ஓர் அடிமட்டத்தையும் மேலே சொன்ன இரண்டு எண்களையும் கொடுத்து வரையச் சொல்லலாம். ஒரு மில்லிமீற்றருக்குப் பத்தாயிரம் பேர். 43, 28. வரைந்து முடித்ததும் மிச்சம் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். நாம் அறிந்ததை, கூட்டாமல் குறைக்காமல், அப்போது சொல்லவேண்டும்.